கட்டுமாவடி நிறுத்தத்தில் கொடுத்த ரைட்

பனிக்காலக் காலையில் கட்டுமாவடி எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் மெல்ல மெல்லத்தான் உருவாகும். முதலில் டீக்கடையின் டியூப்லைட் மட்டும் அந்தரத்தில் தொங்கும். அப்புறம் அதன் கீழே பாய்லர் ஆவி. அப்புறம் தலையில் துண்டைச் சுற்றிய ஆட்கள். கடைசியாக, ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மீன்கூடைகள். தூரத்திலிருந்து பார்த்தால் கூடைகள்தான் பஸ்ஸுக்குக் காத்திருக்கின்றன, மனிதர்கள் வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. மீன்கூடை பின்படியில் ஏறும். கூடைக்காரப் பெண்கள் முன்படியில் ஏறுவார்கள். பின்படியில் நிற்கும் கண்டக்டர் நான் கூடையை வாங்கிக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளுவேன். அதற்குள் கூடைக்குச் சொந்தக்காரர் முன்னால் ஏறி உட்கார்ந்திருப்பார். யாரும் எழுதிவைக்காத ஏற்பாடு. கூடை உள்ளே வந்துவிட்டால் ஆளும் உள்ளே வந்தாயிற்று என்று கணக்கு. இத்தனை வருஷத்தில் அது பிசகியதே இல்லை.

அன்றைக்கு முத்துராக்கு அக்காவின் கூடை ஏறியது. அலுமினியக் கூடை, மேலே ஈரச்சாக்கு, பிடியில் முடிச்சுப் போட்ட மஞ்சள் பை. நான் அதை இழுத்து உள்ளே தள்ளிவிட்டு, முன்பக்கம் எட்டிப் பார்க்காமலேயே, "ரைட்!" என்றேன்.

பஸ் கிளம்பிவிட்டது.

அக்கா ஏறவில்லை. ஐஸ்காரரிடம் இன்னும் ஒரு கை ஐஸ் வாங்க ஓடியிருந்தார்.

அவருடைய வீட்டுக்காரர் கருப்பையா அண்ணன் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகில் போனவர். எல்லை தாண்டியதாகக் கடலில் பிடிபட்டு அப்போது அக்கரையில் சிறையில் இருந்தார். வாரத்தில் ஒருநாள், யாராவது மனது வைத்தால், இரண்டு நிமிஷம் போனில் பேச விடுவார்கள். எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாது. அக்கா குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப்பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு குளித்த நாட்கள் அவை. அன்று காலை கை முழுக்க மீன் ஈரம் என்பதால், ஒரே ஒரு நிமிஷத்துக்கு, அந்தப் போனை மஞ்சள் பைக்குள் போட்டிருக்கிறார்.

அந்தப் பைதான் என் காலடியில் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது.

வாலு மேலே போனா நல்லது

நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் எனக்கு வகுப்பில் வரவில்லை, பஸ்ஸில்தான் ஏறி வந்தது. டிரிப், டைமிங், ஸ்டெப்னி, சிங்கிள், ஃபுல், ஹாஃப் என்று ஒவ்வொன்றாக ஏறி, இறங்காமல் தங்கிவிட்டன. அதில் ஒன்றைத்தான் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் சொல்கிறேன். தூக்கத்திலும் சொல்கிறேனாம். வீட்டுக்காரி சொல்வாள்: "நீங்க ரைட் குடுத்ததும் நான் பாயோட நகந்து படுத்துக்கிட்டேன்."

ஆனால் ரைட்டை நான் முதலில் காதால் கேட்கவில்லை, கண்ணால்தான் பார்த்தேன். எங்கள் ஊர் ஆவூர் பக்கம். கோயில் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் டீச்சர் போடும் அந்தக் கொக்கி. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் சாயங்காலம் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். "வாலு மேலே போனா நல்லது. பெருக்கல் மாதிரி கெடந்தா ஒனக்கு இன்னைக்குச் சோறு லேட்டு" என்பாள். அவளுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து இரண்டே இரண்டு. என் படிப்பு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது.

அதே அம்மா காய்ச்சலில் நாலு நாள் கிடந்து எழுந்தால், "ஒடம்பு ரைட்டாயிருச்சுய்யா" என்பாள். பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்பத்தான் மனசு ரைட்டா இருக்கு" என்பாள். நோட்டில் இருந்த கொக்கி எப்படி உடம்புக்கும் மனசுக்கும் போனது என்று அப்போது நான் யோசித்ததில்லை. இப்போது, காலை முதல் டிரிப்பில், பாதிப் பேர் தூங்கிக்கொண்டு வரும்போது, இப்படி ஏதாவது ஒரு சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே நிற்பேன். ஆட்கள் பேசுவதைக் குறித்துவைக்க என்னிடம் ஒரு நோட்டு உண்டு. அதில் ரைட்டுக்கு மட்டும் பதினோரு பக்கம் போயிருக்கிறது.

கண்டக்டராகச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ரைட் சொன்னது எனக்கே கேட்காது. இப்போதும் எனக்கு டிரைவராக இருக்கிற காதர் அண்ணன்தான் அன்றும் டிரைவர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வண்டியை ஆஃப் பண்ணினார்.

"யாருப்பா, எழவு வீட்டுல பேசுற மாதிரி பேசுறது?"

"நான்தாண்ணே."

"வயித்துல இருந்து சொல்லுய்யா. வண்டி எவ்வளவு பெருசு பாரு. அதுக்குக் கேக்க வேணாமா?"

அதிலிருந்து வயிற்றிலிருந்துதான் சொல்கிறேன். அவரும் அந்தச் சொல் வராமல் கிளட்சிலிருந்து காலை எடுக்க மாட்டார். முன்னால் ரோடு காலியாகக் கிடந்தாலும் சரி, பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரனைப் பிடித்துத் தொங்கினாலும் சரி. என் சத்தம் வந்தால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னை அவ்வளவு நம்பினார் என்பதை நான் உணர்ந்தது அந்தக் கட்டுமாவடிக் காலையில்தான்.

போனை வைக்கத் தெரியாதவர்கள்

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும் எவரும் "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். "வாரேன்" என்பார்கள். சொன்னவர் அங்கிட்டுப் போய்க்கொண்டிருப்பார், சொல் மட்டும் இங்கிட்டு வந்துகொண்டிருக்கும்.

செல்போன் வந்தபோது இந்த ஜனங்களுக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. பேசி முடித்தால் என்ன சொல்வது? "வைக்கிறேன்" என்றால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போலாகிறது. "வாரேன்" என்றால் எங்கே வருவது? அந்த இடத்தில்தான் ரைட்டு கை கொடுத்தது. கவனித்துப் பாருங்கள், ஒரு தடவையோடு யாரும் நிறுத்துவதில்லை. முதல் ரைட்டு பேச்சு முடிந்ததற்கு. அடுத்தது, வேறு ஏதும் இருந்தால் சொல்லிவிடு என்பதற்கு. அப்புறம் ஒரு நீளமான "ரைட்டூ...", அதன் வாலில் ஒரு "ம்".

கோட்டைப்பட்டினத்தில் ஏறும் ஒரு பெண். மாப்பிள்ளை சவுதியில். அறந்தாங்கியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். ஏறும்போதே ரைட்டு சொல்ல ஆரம்பித்திருப்பாள். மணமேல்குடி தாண்டியும் சொல்லிக்கொண்டிருப்பாள். காதர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார்:

"என்னத்தா, இன்னுமா ரைட்டு முடியல?"

"அவுக வைக்கட்டும்னு நான் இருக்கேன். நான் வைக்கட்டும்னு அவுக இருக்காக மாமா."

"அப்ப ரெண்டு பேரும் கெடங்க. நான் வண்டிய ஓட்டுறேன்."

எல்லா ரைட்டும் இப்படி இனிப்பாக இருக்காது. முன்பு பொன்னமராவதி ரூட்டில் ஓடியபோது ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் துண்டு போட்டார்கள். ஒருவர் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டே இருந்தார். மற்றவர், கடலைமூட்டை வியாபாரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ரைட்டு" என்றார். அவ்வளவுதான். கத்தியவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"ஏங்க எந்திரிச்சீங்க? ஒங்க துண்டுதான மொதல்ல கெடந்துச்சு?" என்றேன்.

"அவரு ரைட்டுன்னு சொன்ன தினுசு சரியில்லீங்க" என்றார் ரகசியமாக. "எங்க அப்பாரு இப்படித்தான் சொல்லுவாரு. சொல்லிட்டு வெறகக் கையில எடுப்பாரு."

ரைட் சைடில் கடல்

ஜெகதாப்பட்டினத்தில்தான் எங்கள் வண்டிக்கு ராத்தங்கல். காலையில் அங்கிருந்து வடக்கே வரும்போது கடல் ரைட் சைடில் இருக்கும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சவுக்குக்கும் கருவைக்கும் அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும். ஆனால் ரைட் சைடில் உட்கார்ந்தவர்களின் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் விழும். உப்பும் ஈரமுமாக ஒரு காற்று ஜன்னல் கம்பியைத் தடவும். நான் டிக்கெட் கிழித்துக்கொண்டே போகும்போது, லெஃப்ட் சைடில் தூங்குகிறவர்களுக்கும் ரைட் சைடில் தூங்குகிறவர்களுக்கும் கனவு வேறு வேறாக இருக்குமோ என்று நினைப்பேன்.

கட்டுமாவடியில் வண்டி இடதுபக்கம் திரும்பி அறந்தாங்கி ரோட்டைப் பிடிக்கும். அங்கே கடலுக்கு முதுகைக் காட்டிவிடுவோம். காற்று மாறும். மீன்வாசம் மட்டும் கூடையோடு கூடவே வரும்.

அன்றைக்கும் திரும்பிவிட்டோம். பனி தரையோடு படுத்திருந்தது. இரண்டு பக்கமும் வயலா, தண்ணீரா என்று தெரியாத ஒரு வெண்மை. பஸ்ஸுக்குள் இருமல் சத்தம்கூட இல்லை. முன்சீட்டில் முத்துராக்கு அக்காவின் தெருக்காரர், கருவாட்டுக்கார அம்மா ஒருவர், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்கூல் சார் ஒருவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அதையும் படிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி சீட்டுக்கு அடியில் போன் அடித்தது.

ஸ்பீக்கரில் வந்த குரல்

"முத்துராக்கு அக்கா, போன் அடிக்குது!" என்று முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தேன்.



"அக்கோவ்!"

கருவாட்டுக்கார அம்மா திடுக்கிட்டு விழித்தார். பக்கத்தில் தடவிப் பார்த்தார். "ராக்கு இங்க இல்லையே. அங்கிட்டு நிக்கலையா?"

விசிலை எடுத்து ஊதினேன். காதர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மஞ்சள் பையின் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தேன். திரையில் நீளமான ஒரு நம்பர்.

"அந்த நம்பருதான்!" என்று கத்தினார் கருவாட்டுக்கார அம்மா. "எடுய்யா! விட்டா மறுபடி வராது!"

எடுத்தேன். "ஹலோ."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். பிறகு ஓர் ஆண் குரல், தாழ்வாக:

"யாருடா நீ?"

ஒரு வாரமாகக் காத்திருந்து மனைவிக்குப் போன் போட்டவனுக்கு வேறொருத்தன் குரல் கேட்டால் எப்படி இருக்கும்?

"அண்ணே, நான் கண்டக்டரு. ஜெகதாப்பட்டினம் வண்டிக் கண்டக்டரு."

"அவ எங்க?"

"கூடை ஏறிருச்சுண்ணே. அக்கா ஏறல."

பஸ் மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கூடைய ஏத்துனதும் ரைட் குடுத்துட்டியா?"

"ஆமாண்ணே."

அவர் சிரித்துவிட்டார். இரைச்சலுக்கு நடுவில், தொண்டை காய்ந்த சிரிப்பு. "நீ மொதல்ல ஏறுடி, கூடை அப்புறம் ஏறட்டும்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்!"

காதர் அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. வண்டியைத் திருப்ப ஆரம்பித்திருந்தார். அந்த ரோட்டில் பஸ் திருப்புவது லேசான காரியம் இல்லை. இரண்டு பக்கமும் பள்ளம். "ஸ்கூல்ல பெல் அடிச்சிருவாங்களேப்பா" என்று ஆரம்பித்த சார், போனில் யார் என்று தெரிந்ததும் பேப்பரைப் போட்டுவிட்டு இறங்கினார். பனிக்குள் நின்று கையை வீசினார். "ரைட்ல ஒடிங்க பாய்! இன்னும் ரைட்டு! ரைட்டு... ரைட்டு... பள்ளம், பள்ளம்!" அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கி அதையே சொன்னார்கள். எங்களை நெருக்கிக்கொண்டு வரும் அடுத்த வண்டி ஹாரன் அடித்தபடி எங்களைக் கடந்து அறந்தாங்கிப் பக்கம் போனது. எங்கள் ஸ்டாப்பில் நிற்கும் ஆட்களையெல்லாம் அவன்தான் அன்று ஏற்றிக்கொண்டு போவான். காதர் அண்ணன் அவன் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"வச்சிராதீங்கண்ணே, திரும்பிட்டோம், வந்துக்கிட்டே இருக்கோம்" என்றேன்.

"நானா வைக்கப் போறேன்? பக்கத்துல நிக்கிறவரு கைய நீட்டுவாரு, குடுத்துரணும்" என்றார். "சின்னவளுக்குக் காதுவலின்னு சொன்னா. நின்னுச்சா?"

எனக்கு எப்படித் தெரியும்? யாரோ என் கையிலிருந்த போனில் ஸ்பீக்கரை அழுத்தினார்கள்.

"நின்னுருச்சு கருப்பையா!" என்று கருவாட்டுக்கார அம்மா சீட்டின் மேல் முழங்காலிட்டுத் திரும்பிக் கத்தினார். "நேத்து பள்ளிக்கூடம் போயிருச்சு! நீ திண்டியா?"

"திண்டேன் மதினி. அடுத்த வாரம் கோர்ட்டு. விட்டுருவாகன்னு பேசிக்கிறாக. அவகிட்டச் சொல்லுங்க. தம்பி..."

"சொல்லுங்கண்ணே."

"அவளுக்கு வலது தோளு வலி. கூடையத் தூக்குனா ராத்திரி படுக்க முடியாது. நான் வர்ற வரைக்கும் கூடைய நீ எறங்கி ஏத்திவிடு."

"ரைட்டுண்ணே."

வண்டி கட்டுமாவடியைப் பார்த்துப் பறந்தது. அவருக்கு அதற்குமேல் பேச ஒன்றும் இல்லைபோல. மிச்சம் இருந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் கேட்டார்:

"தம்பி, அறந்தாங்கி ஸ்டாண்டுல நின்னு கூப்பிடுவியே, அதக் கூப்பிடேன். கேட்டு நாளாச்சு."

நான் பின்படியில் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தினமும் கூப்பிடுவதுதான். அன்று மட்டும் ஒவ்வொரு ஊரும் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்து நின்றது.

"கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்! ஜெகதாப்பட்டினம் ஏறுங்க... ஏறுங்க... ஜெகதாப்பட்டினம்..."

ஜவுளிக்கடைப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரைட் சொல்லலையே?" என்றார் அவர்.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே நகர்ந்து போய்விடும் என்று பட்டது. தூரத்தில் பனிக்குள் மங்கலாக ஒரு ஒற்றை வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஐஸ்காரரின் மொபெட். பின்னால் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா வந்துட்டாங்கண்ணே! ஏறட்டும், சொல்றேன். இந்தா, இந்தா வந்துட்டாங்க!"

போன் ஊமையாகிவிட்டது.

ஐஸ் தண்ணி

மொபெட் நிற்பதற்கு முன்பே அக்கா குதித்துவிட்டார். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. அதிலிருந்த ஐஸ் பாதி தண்ணீராகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வாயில் எனக்கான திட்டு தயாராக இருந்தது. ஆனால் என் கையில் தன் போனைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"ஏங்க... ஏங்க..."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அந்த ரெண்டு நிமிசத்தையும் நீ பேசிட்டியா?" என்று கேட்டார் அக்கா.

கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏழு நாளு தம்பி. ஏழு நாளா எதையெதையோ சேத்து வச்சிருந்தேன், இதச் சொல்லணும், அதச் சொல்லணும்னு. ரைட் சொல்ற வாயிக்கு முன்னால கண்ணு இருக்க வேணாமா?"

"தப்புத்தாங்க்கா."

காதர் அண்ணன் எஞ்சினை நிறுத்தியே வைத்திருந்தார். நான் சொல்லவில்லை, அவரும் கிளப்பவில்லை. அக்கா ஐஸ் பையை ரோட்டில் போட்டுவிட்டு முன்படியில் ஏறினார். ஏறி, தன் சீட்டில் உட்காராமல், பின்பக்கம் நடந்து வந்து கடைசி சீட்டில், தன் கூடைக்கு மேலே உட்கார்ந்தார்.

"சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

சொன்னேன். யாருடா நீ என்றதிலிருந்து ஆரம்பித்து, காதுவலி, கோர்ட்டு, தோள்வலி, ஊர் பேரைக் கூப்பிடச் சொன்னது வரைக்கும். விட்டுப்போன இடத்தைக் கருவாட்டுக்கார அம்மா எடுத்துக்கொடுத்தார்.

"கொரலு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. சிரிச்சாரு."

"சிரிச்சாகளா?" அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

"கூடை ஏறிருச்சு, அக்கா ஏறலன்னு சொன்னேன்ல, அதுக்கு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சொல்கிறாரா வெளியே இருக்கும் பனிக்குச் சொல்கிறாரா என்று தெரியாமல் சொன்னார்: "எங்கிட்டப் பேசுறப்பல்லாம் ரெண்டு நிமிசமும் அழுகதான். நானும் அழுவேன், அவுகளும் அழுவாக. ஒங்கிட்டச் சிரிச்சிருக்காக." பிறகு, "மறுபடியும் சொல்லு. சிரிச்ச எடத்துல இருந்து சொல்லு."

வண்டி மறுபடி திரும்பி அறந்தாங்கி போய்ச் சேருவதற்குள் நாலு தடவை சொன்னேன்.

இறங்கும்போது முன்பக்கம் போய் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். "காதரண்ணே, இனிமே கட்டுமாவடியில இந்தத் தம்பி சொல்லி வண்டி நகரக் கூடாது. நான் ஏறி ஒக்காந்து நான் சொன்னாத்தான்."

"ரைட்டுத்தா" என்றார் காதர் அண்ணன்.

தகரத்தில் இரண்டு தட்டு

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. நான் கீழே இறங்கிக் கூடையைத் தூக்கி ஏற்றுவேன். அக்கா முன்படியில் ஏறி, சேலையைச் சரிசெய்து உட்கார்ந்து, "ரைட்டு தம்பி" என்பார். சில நாள் கோபத்தோடு. சில நாள் தூக்கக் கலக்கத்தோடு. கோர்ட்டில் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரத்தில், உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. காதர் அண்ணன் உதட்டைக் கண்ணாடியில் பார்த்துத்தான் கியர் போட்டார். அடுத்தடுத்த போன்களை அக்காவே பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. இன்னொரு ஊரிலிருந்து ஏறும் ஆட்களுக்கு இதெல்லாம் விசித்திரமாக இருக்கும். "கண்டக்டரு யாரு, நீயா அந்தம்மாவா?" என்று கேட்பார்கள். "கட்டுமாவடியில அவுகதாங்க" என்பேன்.

அந்த வருஷப் பனி முடிகிற சமயம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆவூர் பக்கம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். முதல் டிரிப். கட்டுமாவடி வழக்கம்போல டியூப்லைட், ஆவி, துண்டு என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது. நான் இறங்கக் காலை வைத்தேன். அதற்குள் கூடை என் இடுப்பு உயரத்துக்கு எழும்பி வந்துவிட்டது. யாரோ கீழிருந்து தூக்கிக் கொடுக்கிறார்கள். தலையில் கட்டிய துண்டு மட்டும் தெரிந்தது. இழுத்துப் போட்டேன்.

அக்கா முன்படியில் ஏறினார். சேலையைச் சரிசெய்தார். உட்கார்ந்தார்.

நான் காத்திருந்தேன். காதர் அண்ணன் கண்ணாடியில் காத்திருந்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை அழுத்தி மூடியிருந்தார், சிரிப்பை அடக்குகிற சின்னப்பிள்ளை மாதிரி.

"அக்கா, ரைட்டா?" என்றேன்.

பதில் பின்னாலிருந்து வந்தது. பஸ்ஸின் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு. அப்புறம் ஒரு குரல், தொண்டை காய்ந்த அதே குரல், ஆனால் இரைச்சல் எதுவும் இல்லாமல், பனியில் நனைந்து, என் காதுக்குப் பக்கத்தில்:

"ரைட்!"

காதர் அண்ணன் கிளட்சிலிருந்து காலை எடுத்தார்.

நான் படியில் தொங்கியபடி திரும்பிப் பார்த்தேன். துண்டு கட்டிய ஓர் ஆள், தட்டிய கையை இறக்காமல், டீக்கடை வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டி திரும்பும்வரை நின்றார். அப்புறம் பனி மூடிவிட்டது.

முன்பக்கம் போனேன். அக்காவிடம் டிக்கெட்டை நீட்டினேன்.

"அன்னைக்குப் போன்ல நீ சொல்லாம விட்டேல்ல தம்பி" என்றார். "அவுகளே சொல்லிக்கிட்டாக."